ஒற்றை ஆளுக்கு இரட்டைக் கட்டணம்

அந்த மருத்துவமனையில் அவளுக்கு ஊசியம்மா என்றுதான் பெயர். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தொன்பது வருஷம் வேலை. நரம்பே தட்டுப்படாத கையில்கூட ஒரே குத்தில் எடுத்துவிடுவாள் என்று மேல்மாடி டாக்டர்களே ஆளனுப்பிக் கூப்பிடுவார்கள். கூடம் இருந்தது கட்டடத்தின் அடித்தளத்தில். சன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பதை வருகிறவர்களின் குடையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். எதிர்ச்சுவரில் ஏதோ மருந்துக் கம்பெனி கொடுத்த பழைய காலண்டர். அதில் ஒரு வெள்ளைக் கப்பல். ஊசியைக் கண்டு மிரளுகிறவர்களிடம், "இங்க பாக்காதீங்க, அந்தக் கப்பலப் பாருங்க" என்பாள். ஊரே பார்த்த கப்பல் அது. அவள் மட்டும்தான் குனிந்து கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறுபது முடிந்து வேலையிலிருந்து விடுபட்ட மறுவாரம், கப்பலில் போகப்போவதாக மகளிடம் சொன்னாள். மூன்று இரவு, நான்கு பகல். நல்ல கப்பலாக, பால்கனி வைத்த அறையாக.

"கப்பலா? இந்த வயசுலயாம்மா?"

"இந்த வயசுலதான்டி லீவு கிடைச்சிருக்கு."

கணவர் இறந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள்; கல்யாணமாகி அதே ஊரில் மாமியாரோடு இருந்தாள். அம்மாவைத் தனியாக விட்டால் எவனாவது தலையில் மிளகாய் அரைத்துவிடுவான் என்று அவளுக்குப் பயம். அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பயண ஏஜென்ஸிக்குக் கூடவே வந்தாள்.

மேஜைக்குப் பின்னால் இருந்த ஏஜெண்டுக்கு முப்பது வயதிருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் ஒட்டவைத்த சிரிப்பு. அவன் மகளைப் பார்த்தே பேசினான்.

"அம்மாவுக்குப் படியேற முடியுமா மேடம்? தலைசுத்தல், வாந்தி, அந்த மாதிரி ஏதாவது இருக்கா?"

"அம்மா இங்கதான் இருக்கேன் தம்பி. காதும் வாயும் நல்லாத்தான் இருக்கு. என்கிட்டயே கேளுங்க."

அவன் சிரிப்பை லேசாக அவள் பக்கம் திருப்பினான். இரண்டு கப்பல்களின் படங்களை எடுத்துப் போட்டான். ஒன்று பதினாறு மாடி, ஐயாயிரம் பேர், சறுக்கி விளையாடும் குளங்கள். இன்னொன்று சின்னது, இருநூறு பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள், சொகுசு அதிகம். "முதல் தடவை போறவங்க எல்லாரும் பெருசத்தான் எடுப்பாங்கம்மா. பொழுது போகும்."

"ஒரு நாளைக்கு முந்நூறு பேர் கையைப் பிடிச்சவ நான். கூட்டம் எனக்குப் புதுசில்ல. சின்னதக் காட்டுங்க."

ஒரு மாதமாகப் படித்து நோட்டில் குறித்து வைத்திருந்தாள். நடுக்கப்பலில் அறை கிடைத்தால் ஆட்டம் குறைவு. இஞ்சினுக்கு மேலே வேண்டாம். சாப்பாட்டுக்கு நேரம் குறித்து வைப்பார்களா, நம் இஷ்டமா? கரையில் இறங்கினால் திரும்பி ஏற எவ்வளவு நேரம் தருவார்கள்? ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவனும் சளைக்காமல் சொன்னான். எல்லாம் கூடிவந்தது. ஒரு ஆளுக்கு என்று போட்டிருந்த தொகையைத்தான் அவள் மனதில் வைத்திருந்தாள். ஆள் எண்ணிக்கையில் ஒன்று என்று அவன் தட்டியதும் திரையில் அது இரண்டு மடங்காக வந்து நின்றது.

"இது ரெண்டு பேர் ரேட்டு தம்பி. நான் ஒருத்திதான்."

"கரெக்ட்தாம்மா. ரூம் ரெண்டு பேருக்கானது. ஒருத்தரா வந்தாலும் ரெண்டு பேருக்குக் கட்டணும். கம்பெனி ரூல்."

"அப்ப ரெண்டு பேர் சாப்பாடு போடுவீங்களா?"

"அது... ஒருத்தருக்குத்தாம்மா."

"ரெண்டு பேர் தண்ணியில குளிப்பேனா? ரெண்டு பேர் எடை ஏறுமா உங்க கப்பல்ல?"

"ரூல் அப்படிம்மா. நான் என்ன பண்றது?"

"என் வீட்டுக்காரர் போய் ஏழு வருஷமாச்சு. அவருக்கும் சேர்த்து டிக்கெட் எடுன்னு சொல்றீங்க. புருஷன் செத்ததுக்கு அபராதமா தம்பி இது?"

பக்கத்து மேஜையில் தேனிலவுக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்த ஜோடி பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பியது. "அம்மா, மெதுவா" என்று மகள் முழங்கையைப் பிடித்தாள். ஏஜெண்ட் தன்னால் முடிந்த உதவியைச் செய்ய நினைத்தான் பாவம். "உள்பக்கம் சன்னல் இல்லாத ரூம் ஒண்ணு இருக்கும்மா, குறைச்சலா வரும். தூங்கறதுக்குத்தானே ரூமுக்குப் போகப்போறீங்க?"

ஊசியம்மா எழுந்து நின்றாள். "சன்னல் இல்லாத ரூம்ல இருபத்தொம்பது வருஷம் இருந்துட்டேன். அதுக்கு எனக்குச் சம்பளம் குடுத்தாங்க. நீங்க அதுக்கு என்கிட்டயே காசு கேக்கறீங்க!"

வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. கம்பெனிக்கு ஒன்றரைப் பக்கத்துக்குக் கடிதம் எழுதினாள். தனியாக வருகிறவர்களில் பாதிப்பேர் துணையை இழந்தவர்கள். அவர்களிடம் இரட்டிப்பு வாங்குவது எந்த ஊர் நியாயம் என்று கேட்டிருந்தாள். நான்காம் நாள் பதில் வந்தது. "அன்பான தம்பதியினருக்கு" என்று ஆரம்பித்தது. தங்கள் இருவரையும் வரவேற்கக் காத்திருக்கிறார்களாம்.

அந்தப் பதிலை எடுத்துக்கொண்டுதான் சனிக்கிழமை மகள் வீட்டுக்குப் போனாள். சனிக்கிழமைதோறும் போவது வழக்கம். மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை. மகளும் மாப்பிள்ளையும் கூடத்தில் ஆளுக்கொரு கைப்பேசியோடு சாய்ந்திருந்தார்கள். சம்பந்தியம்மா சமையலறையில் நின்றபடியே பேத்திக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை இடுப்பில், ஒரு கையால் ஊட்டல், மறு கையால் அடுப்பில் கிளறல்.

சம்பந்தியம்மா ஊசியம்மாவைவிட இரண்டு வயது மூத்தவள். ஆறு வருஷ உறவு. ஆனால் "நல்லா இருக்கீங்களா சம்பந்தி, சாப்டீங்களா" என்பதைத் தாண்டி அது ஒரு அடி நகர்ந்ததில்லை. அதற்குக் காரணம் இருந்தது. கல்யாணப் பேச்சு நடந்தபோது, "ரத்தத்துலயே புழங்குற கையாமே" என்று அவள் சொன்னதாக ஒரு பேச்சு காதுக்கு வந்திருந்தது. ஊசியம்மா அதை யாரிடமும் கேட்கவில்லை. மறக்கவும் இல்லை.

கடிதத்தை வாசித்துக் காட்டினாள். மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். "விட்டுத்தள்ளுங்க அத்தை. இதுக்கெல்லாமா டென்ஷன் ஆவாங்க?"

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனபோதுதான் பார்த்தாள். சம்பந்தியம்மாவின் வலது குதிகாலில் ஒரு துணிக்கட்டு. சுற்றிலும் தோல் கறுத்திருந்தது.

"என்ன இது?"

"செருப்பு கடிச்சது சம்பந்தி. ஒரு மாசமா ஆறாம இருக்கு."

"ஒரு மாசமா? சுகர் எப்ப பாத்தீங்க?"

சம்பந்தியம்மா கணக்குப் போட்டாள். "பாப்பா தவழ ஆரம்பிச்சப்ப."

பாப்பா இப்போது ஓடுகிறது. "வெறும் வயித்துல காலையில போகணும்ல சம்பந்தி. அந்த நேரத்துலதான் இவங்க ரெண்டு பேரும் கிளம்புவாங்க, இவளும் எழுந்துக்குவா. அப்புறம் பதினோரு மணி ஆயிடும். அதுவரைக்கும் சாப்பிடாம இருந்தா கைகால் நடுங்குது" என்றாள் குற்றம் செய்தவள் மாதிரி.

ஊசியம்மாவுக்குக் காது சுட்டது. யார்மேல் கோபப்படுவது? கூடத்தில் சாய்ந்திருக்கும் மாப்பிள்ளை மேலா? தான் பெற்ற மகள் மேலா? சனிக்கிழமை தவறாமல் வந்து, காபி குடித்து, பேத்தியைக் கொஞ்சிவிட்டு, இந்தக் காலைப் பார்க்காமலே போன தன் மேலா? ஊர்க் கையெல்லாம் பிடித்தவள், உறவுக்காரியின் கையைப் பிடிக்கவில்லை.

சம்பந்தியம்மா பேச்சை மாற்றினாள். "அந்தக் கப்பல் ரூம் பால்கனியில நாற்காலி போட்டிருப்பாங்களா சம்பந்தி?"

"ரெண்டு போட்டிருப்பாங்க" என்றாள் ஊசியம்மா. சொன்ன பிறகுதான் அது உறைத்தது. இரண்டு நாற்காலி. இரண்டு பேர் கட்டணம். "நீங்க வாங்களேன்."

"நானா!" சம்பந்தியம்மா சிரித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

கூடத்தில் வந்து விஷயத்தைச் சொன்னாள் ஊசியம்மா. மாப்பிள்ளை கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினார். "அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்காது அத்தை. பஸ்ல போனாலே முகம் வாடிடும்."

மகள் வேறு மாதிரி கேட்டாள். "சரிம்மா, நாலு நாள் பாப்பாவ யாரு பாத்துக்குவா?"

"பாத்தியா! அந்தக் கேள்விதான் முதல்ல வருது உன் வாயில. அவங்க கால்ல ஒரு மாசமா புண்ணு. அதக் கேட்டியா? தினம் உன் கண்ணு முன்னாடி நொண்டிக்கிட்டு நடக்கறாங்க. உனக்குப் பாக்கறதுக்குக் கண்ணில்ல, வேலைக்கு மட்டும் ஆள் வேணும். சம்பளம் குடுத்து ஒரு ஆள் வச்சிருந்தா வாரத்துக்கு ஒரு நாள் லீவு கேட்டிருப்பா. மாமியார்னா கேக்க மாட்டாங்க, அதானே?"

"அத்தை, எங்க அம்மாவ நாங்க பாத்துக்கறோம். நீங்க நடுவுல..."

"நடுவுல நான் வரல மாப்பிள்ளை. நீங்க பாத்துக்கற லட்சணத்தத்தான் இப்ப சமையக்கட்டுல பாத்துட்டு வர்றேன்."

மாப்பிள்ளையின் முகம் சிவந்தது. பேச்சை நேராகத் தன் அம்மாவிடம் திருப்பினார். "நீயே சொல்லும்மா. உனக்குக் கப்பல்லாம் பிடிக்காதுல்ல?"

சம்பந்தியம்மா குழந்தையின் வாயைத் துடைத்தாள். இடுப்பிலிருந்து இறக்கி மகனின் மடியில் உட்காரவைத்தாள்.

"பிடிக்குமா பிடிக்காதான்னு போய்ப் பாத்தாத்தானேடா தெரியும்?"



மறுநாள் காலை ஆறு மணிக்கெல்லாம் ஊசியம்மா வந்து அழைப்பு மணியை அடித்தாள். மாப்பிள்ளை தூக்கக் கண்ணோடு கதவைத் திறந்தார். சாப்பாட்டு மேஜையிலேயே சம்பந்தியம்மாவின் கையைப் பிடித்து, மேலே ரப்பர் பட்டையைக் கட்டி, ரத்தம் எடுத்து, இரண்டு குப்பிகளில் அடைத்துப் பழைய இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள். சர்க்கரை எகிறிக் கிடந்தது. டாக்டர் மாத்திரையை மாற்றிப் புண்ணைச் சுத்தம் செய்து, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். அந்த ஒரு மாதத்தில் ஊசியம்மாதான் நாள் விட்டு நாள் வந்து கட்டு மாற்றினாள். புண் ஆறியது. "எங்க வேணா போங்க, செருப்ப மட்டும் பாத்து வாங்குங்க" என்றார் டாக்டர்.

இரண்டு பேருமாக ஏஜென்ஸிக்குப் போனார்கள். ஊசியம்மாவைக் கண்டதும் ஏஜெண்டின் சிரிப்பு கொஞ்சம் கழன்றது. ஆனால் இந்த முறை அவனைத் திணறடித்தது சம்பந்தியம்மாதான். சர்க்கரைக்காரருக்குத் தனிச் சாப்பாடு உண்டா? குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா? நடுக்கடலில் உடம்புக்கு வந்தால் டாக்டர் உள்ளேயே இருக்கிறாரா, வரவழைக்க வேண்டுமா? கடைசியாக அறையின் படத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"கட்டில் ஒண்ணுதான் இருக்கு தம்பி. பெருசா இருக்கு."

"பிரிச்சு ரெண்டாப் போடச் சொல்லலாம்மா. நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா?"

"சம்பந்திங்க."

அவன் தலையைத் தூக்கி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "ஒரே ரூம்லயா?" என்று அவனையறியாமல் வாய் கேட்டுவிட்டது.

"கட்டணத்தச் சொல்லுங்க" என்றாள் ஊசியம்மா.

கிளம்புவதற்கு முதல்நாள் மாலை சம்பந்தியம்மா போன் செய்தாள். குழந்தைக்கு மூக்கு ஒழுகுகிறதாம். "உன்ன விட்டா இவ யாருகிட்டயும் மருந்து குடிக்க மாட்டாளேம்மா" என்று மகன் சொன்னானாம். ஊசியம்மாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. அதே குழந்தைக்குத் தானும் பாட்டிதான். சளி என்றால் தனக்கும் வலிக்கத்தான் செய்யும். ஆனால் பெற்றவர்கள் இரண்டு பேர் குத்துக்கல் மாதிரி அங்கே இருக்கிறார்கள்.

"சுரம் இருக்கா சம்பந்தி?"

"இல்ல. தொட்டுப் பாத்தேன், அளந்தும் பாத்தேன்."

"சாப்பிட்டாளா?"

"வழக்கம்போலத்தான்."

ஊசியம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள். வா என்று இன்னொரு தடவை இழுத்தால், நாளைக்கு ஏதாவது ஒன்றென்றால் பழி அந்த அம்மாள் தலையில்தான் விழும். "முடிவு உங்களுது. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று வைத்துவிட்டாள். அதைச் சொல்ல அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

காலையில் துறைமுக வாசலில் டாக்ஸி வந்து நின்றது. சம்பந்தியம்மா புதுச் செருப்போடு இறங்கினாள். "ஒரு முழுத்தாள் எழுதி ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டிட்டேன். எந்த மருந்து, எத்தன சொட்டு, எந்தப் பாட்டு பாடினா வாயத் திறப்பா, எல்லாம் அதுல இருக்கு. 'என்னம்மா இவ்ளோ இருக்கு'ன்னு கேட்டான். இதுல பாதிதான்டா எழுதியிருக்கேன்னு சொன்னேன்."

கப்பல் சின்னதுதான், ஆனால் ஏஜெண்ட் காட்டிய படங்கள் பொய் சொல்லவில்லை. கால் வைத்தால் அமுங்கும் கம்பளம். கட்டிலை யாரும் பிரித்திருக்கவில்லை. அதன்மேல் துவாலையை மடித்து இரண்டு அன்னப்பறவைகளை மூக்கோடு மூக்கு முட்டவைத்து, சுற்றிலும் பூவிதழ் தூவியிருந்தார்கள். சம்பந்தியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஊசியம்மா ஆள் கூப்பிட்டுக் கட்டிலைப் பிரிக்கவைத்த பிறகுதான் சிரித்தாள்.

இரண்டாம் நாள் காலை அது நடந்தது. பால்கனி அறைக்காரர்களுக்கென்று மேல்தளத்தில் ஒரு கூடம். மூன்று பக்கமும் கண்ணாடி, சாய்ந்துகொள்ளும் நாற்காலிகள், கேட்கிற நேரத்தில் காபி. இருவரும் உள்ளே போனதும் வெள்ளைச் சட்டைப் பணியாளர் ஒருவர் வேகமாகக் குறுக்கே வந்தார்.

"இது பால்கனி ரூம் விருந்தாளிங்களுக்கு மட்டும்தாம்மா. நீங்க யாரோட வந்திருக்கீங்க? அவங்க எங்க?"

ஊசியம்மா வாயைத் திறப்பதற்குள் சம்பந்தியம்மா ஒரு அடி முன்னால் வந்துவிட்டாள்.

"நாங்க யாரோடயும் வரல. நாங்கதான் வந்திருக்கோம்."

"சரிம்மா, அப்ப உங்க ரூம் கார்டக் காட்டுங்க."

அப்போதுதான் ஒரு நடுவயதுத் தம்பதி அவர்களைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்திருந்தது. சம்பந்தியம்மா அந்தப் பக்கம் கையை நீட்டினாள். குரல் உயரவே இல்லை. "அவங்ககிட்ட கார்டு கேட்டீங்களா?"

பணியாளர் அந்தத் தம்பதியைத் திரும்பிப் பார்த்தார்.

"கேக்கலல்ல? ரெண்டு வயசான பொம்பளைங்கன்னா யாருக்கோ பிள்ளை பாத்துக்க வந்திருப்பாங்கன்னு நினைச்சிட்டீங்க. அதத்தான் நான் வீட்டுல பாத்துட்டு வந்திருக்கேன் தம்பி. அதுக்கு இங்க வரல. ரெண்டு காபி கொண்டாங்க, எனக்குச் சர்க்கரை வேண்டாம்."

கார்டைக் காட்டாமலே நடந்து போய்க் கண்ணாடியோரம் உட்கார்ந்தாள்.  ஊசியம்மா எதிரில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். காபி வந்தது, மேலாளரும் வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

"நீங்க இப்படிப் பேசுவீங்கன்னு தெரியாது சம்பந்தி."

"எனக்கே தெரியாது."

வெளியே தண்ணீர் பச்சையும் இல்லாமல் நீலமும் இல்லாமல் கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஊசியம்மா கேட்டாள். ஆறு வருஷமாகக் கேட்காததைக் கேட்டுவிட்டாள். "ரத்தத்துல புழங்குற கைன்னு சொன்னீங்களாமே?"

சம்பந்தியம்மா மழுப்பவில்லை. "சொன்னேன். மாப்பிள்ளையோட அம்மான்னா ஏதாவது குத்தம் சொல்லணும்னு எல்லாரும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. வாயில வந்ததச் சொல்லிட்டேன். சொன்ன அன்னிக்கே உறுத்துச்சு."

"எனக்கு ஆறு வருஷமா உறுத்துது."

"தெரியும். சனிக்கிழமை சனிக்கிழமை உங்க முகத்துல பாத்திருக்கேன்."

மன்னிப்பு என்ற வார்த்தை இரண்டு பேர் வாயிலிருந்தும் வரவில்லை. ஊசியம்மாவின் கோபமும் அப்படியே கரைந்துவிடவில்லை. ஆனால் அன்று மதியம் கரையில் இறங்கி நடந்தபோது, கல் பாவிய மேட்டில் சம்பந்தியம்மா கேட்காமலே அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஊசியம்மாவும் அந்தப் பக்கமாகச் சாய்ந்து கொடுத்தாள்.

நான்காம் நாள் திரும்பி வந்தபோது வீடு புயலடித்த மாதிரி இருந்தது. கழுவாத பாத்திரம், மடிக்காத துணி, சோபாவின் மேல் கொட்டிய பால். குழந்தைக்குச் சளி போயிருந்தது; மாப்பிள்ளைக்குப் பிடித்திருந்தது. நான்கு நாளில் இரண்டு நாள் அவர் லீவு, இரண்டு நாள் மகள் லீவு.

"நாலு நாள் நான் பட்ட பாடு உனக்குத் தெரியாதும்மா" என்றார் அடைத்த மூக்கோடு.

"தெரியும்டா" என்றாள் அவர் அம்மா. பெட்டியைக் கொண்டுபோய் அறையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திப் படுத்துக்கொண்டாள். மாலை வரை யாரும் அதைத் தட்டவில்லை.

மகள் மூன்று வாரம் ஊசியம்மாவிடம் பேசவில்லை. சொந்த அம்மாவே வீட்டைப் பிரித்துவிட்டாள் என்று தோழிகளிடம் சொன்னதாகத் தெரிந்தது. ஊசியம்மாவுக்கு வலித்தது, ஆனாலும் இறங்கிப் போகவில்லை. நான்காவது வாரம் மகளே கூப்பிட்டாள். நலம் விசாரிக்கவில்லை, சமாதானமும் பேசவில்லை. "ஆபீஸ் பக்கத்துல ஒரு குழந்தைக் காப்பகம் இருக்கும்மா. காலையில விட்டுட்டு ரெண்டு மணிக்குக் கூட்டிக்கலாமாம். நீ வந்து இடம் சுத்தமா இருக்கான்னு பாத்துச் சொல்றியா? அத்தையும் வர்றேங்கறாங்க."

"அத்தைக்குப் பிடிச்சிருந்தாப் போதும். நான் சும்மா கூட வர்றேன்."

போனை வைத்துவிட்டு மேஜையில் உட்கார்ந்தாள். கப்பல் கம்பெனியிலிருந்து, பயணம் எப்படி இருந்தது என்று கேட்டுப் படிவம் ஒன்று வந்திருந்தது. சாப்பாட்டுக்கும் அறைக்கும் முழு மதிப்பெண் போட்டாள். "வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா" என்று விட்டிருந்த நான்கு வரி இடம் போதவில்லை. நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, தனியாக வருகிறவர்களைப் பற்றி மறுபடி முதலிலிருந்து எழுத ஆரம்பித்தாள்.